நீதி சொல்லாத படங்கள்: சிறார் நூல்களும் விமர்சன வாசிப்பும்

பாட்டி வடை சுட்ட கதை தெரியாத தமிழ்க் குழந்தையைப் பார்ப்பது அரிது. பாட்டியிடமிருந்து காக்கை வடையைத் திருடிக்கொண்டு பறக்கிறது. நரி அதைப் பாடச் சொல்லி வடையைத் தட்டிக்கொண்டு போகிறது. முகத்துதிக்கு மயங்காதே என்று கதை முடிகிறது. பிற்பாடு, காக்கை வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடி நரியை ஏமாற்றும் வடிவமும் வந்தது. இரண்டிலும் புத்திசாலித்தனத்துக்கான பரிசு காக்கைக்கும் நரிக்கும் இடையில்தான் கைமாறுகிறது. முதலில் வடையைப் பறிகொடுத்தவள் பாட்டி. தள்ளாத வயதில் மரத்தடியில் அடுப்பு மூட்டிப் பிழைப்பவள். அவளுடைய நட்டத்தைக் கதை கணக்கில் எடுப்பதில்லை. கதை சொல்லும் பெரியவர்களும் எடுப்பதில்லை. காக்கை பறந்ததும் படத்திலிருந்தும் அவள் காணாமல் போய்விடுகிறாள்.

“அப்போ பாட்டிக்கு யாரு காசு கொடுப்பா?” என்று ஒரு குழந்தை கேட்டால், “கதையைக் கவனி” என்பதுதான் நம் வழக்கமான பதில். கதையை மிகக் கூர்ந்து கவனித்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது என்பது நமக்கு உறைப்பதில்லை. கதையில் பேசுவது யார், பேச்சற்றுப் போனது யார், இந்த முடிவால் யாருக்கு லாபம் என்று விசாரிப்பதைத்தான் கல்வியாளர்கள் விமர்சன வாசிப்பு என்கிறார்கள். அதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிறகு, உயர்நிலை வகுப்பில், இலக்கிய நயம் பாராட்டுவதோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒத்திப்போடுகிறோம். அதற்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். படமும் சொல்லும் ஒன்றையே ஒப்பிக்காத நூல்களும், விடையை மடியில் மறைத்துக்கொண்டு கேள்வி கேட்காத பெரியவர்களும் கிடைத்தால், எழுத்தறிவதற்கு முன்பே ஒரு குழந்தை விமர்சன வாசகராகிவிட முடியும்.

32 சொற்களும் ஒரு நரியும்

பிரிட்டன் எழுத்தாளரும் ஓவியருமான பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட முதல் நூல் ‘ரோஸிஸ் வாக்’. ரோஸி என்ற பெட்டைக்கோழி பண்ணைக்குள் உலாவப் போய், முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் குவியலில் ஏறி இறங்கி, மாவு ஆலையைத் தாண்டி, வேலிக்குள் நுழைந்து, தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு அடியில் நடந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. மூல நூலில் மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். வாக்கியத்தை மட்டும் படித்தால் இதைவிடச் சப்பென்ற கதை இருக்க முடியாது.

படத்தைப் பார்த்தால் தெரியும்: முதல் அடியிலிருந்தே ஒரு நரி பின்னால் பதுங்கி வருகிறது. நூல் முழுக்க அந்த நரியைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. சொற்கள் உள்ள பக்கத்தில் நரி பாயத் தயாராகிறது. புரட்டினால், சொல்லே இல்லாத பக்கத்தில் அடி வாங்குகிறது. குப்பைவாரியின் பல்லை மிதித்ததும் அதன் கைப்பிடி எழும்பி மூக்கில் அறைகிறது. பிறகு குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, மாவில் மூழ்குகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. ரோஸி ஒரு முறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த நூலைப் படித்துக்காட்டும் பெரியவருக்கு ஒரு சங்கடம் நேர்கிறது. அவர் கண் எழுத்தின் மேல் இருக்கிறது. குழந்தையின் கண் படத்தின் மேல் இருக்கிறது. ஆகவே கதையில் நடப்பது குழந்தைக்குத்தான் முதலில் தெரிகிறது. எழுத்து தெரிந்தவர் சொல்லாமல் விட்டதை எழுத்து தெரியாதவர் கண்டுபிடித்துச் சொல்கிறார். கதை சொல்லும் குரல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்ற பாடம், பாடமாக நடத்தப்படாமலே அங்கே பதிந்துவிடுகிறது.

அடுத்த கேள்வி இன்னும் கடினம். நரி வருவது ரோஸிக்குத் தெரியுமா? தெரியாது என்பார் ஒருவர். அதன் முகத்தில் பயமே இல்லையே என்பது அவருடைய சான்று. தெரியும் என்பார் இன்னொருவர். மாவு ஆலைப் பக்கத்தில் ரோஸியின் காலில் ஒரு கயிறு சிக்கியிருக்கிறது, அந்தக் கயிறு இழுபட்டதால்தான் மூட்டை மாவு நரியின் தலையில் கொட்டுகிறது என்று விரலை வைத்துக் காட்டுவார். கயிறு தற்செயலாகச் சிக்கியதா, ரோஸி வேண்டுமென்றே இழுத்ததா? நூல் தீர்ப்புச் சொல்வதில்லை. ஐந்து வயதுக் குழந்தைகள் இருவர் இதைப் பற்றிச் சண்டை போட்டால், பல்கலைக்கழகத்தில் பிரதியிலிருந்து ஆதாரம் காட்டி விவாதிப்பவர்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்கிறார்கள்.

படநூல் என்பது படம் போட்ட கதைப் புத்தகத்திலிருந்து வேறுபடும் இடம் இதுதான். கனடிய ஆய்வாளர் பெர்ரி நோடல்மன் 1988இல் வெளியிட்ட ‘வேர்ட்ஸ் அபவுட் பிக்சர்ஸ்’ நூலில், படநூலில் சொல்லும் படமும் ஒன்றின் எல்லையை மற்றொன்று வெளிச்சமிடுவதாக விளக்கினார். இரண்டும் உரசும்போது பிறக்கும் மூன்றாவது கதையை வாசகர்தான் கட்டியெழுப்ப வேண்டும். மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ (1963) இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். குறும்பு செய்து திட்டு வாங்கி அறைக்குள் அடைக்கப்பட்ட மாக்ஸின் கற்பனை விரிய விரிய, வெள்ளை ஓரத்துக்குள் அடங்கியிருந்த படமும் பெரிதாகிக்கொண்டே போய், சொல்லை முற்றாகத் துரத்திவிட்டு இரண்டு பக்கங்களையும் நிறைக்கிறது. வீடு திரும்பியதும் படம் சுருங்குகிறது. கடைசிப் பக்கத்தில் சொல் மட்டும் நிற்கிறது. தொடக்கப் பக்கம் ஒன்றில் சுவரில் மாக்ஸ் வரைந்து மாட்டிய பூதத்தின் படம் இருக்கிறது. அதைக் கவனித்த குழந்தை, அந்தப் பூதங்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்குப் பெரியவர்களின் உதவியில்லாமலே விடை கண்டுவிடும். குழந்தை உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஒரு பத்திரிகைப் பத்தியில் இந்த நூலைக் கண்டித்தார். நூலைப் படிக்காமலே கண்டித்தார் என்பதுதான் இதில் வேடிக்கை.

குழந்தைகள் எதைப் பார்த்தார்கள்?

இதெல்லாம் பெரியவர்கள் குழந்தைகள்மேல் ஏற்றிச் சொல்லும் கற்பனையோ என்ற ஐயம் எழலாம். அதைச் சோதித்துப் பார்த்த முக்கியமான ஆய்வு ஈவ்லின் அரிஸ்பேயும் மோராக் ஸ்டைல்ஸும் இங்கிலாந்தில் நடத்தியது. 2003இல் ‘சில்ட்ரன் ரீடிங் பிக்சர்ஸ்’ என்ற நூலாக வந்தது. தொடக்கப் பள்ளிகளில் 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளோடு ஆன்டனி பிரவுனின் ‘ஸூ’, ‘தி டனல்’, சடோஷி கிடாமுராவின் ‘லில்லி டேக்ஸ் எ வாக்’ ஆகிய படநூல்களைப் பற்றி நீண்ட உரையாடல்கள் நடத்தினார்கள். பிறகு குழந்தைகளை வரையவும் சொன்னார்கள்.

இந்நூல்களின் தேர்விலேயே ஒரு நுட்பம் இருந்தது. ‘லில்லி’யில் சிறுமி அமைதியாக நடந்து போகிறாள், அவளுடைய நாய்க்குத் தெருவெங்கும் பூதங்கள் தெரிகின்றன. சொல் லில்லியின் பக்கம், படம் நாயின் பக்கம். ‘ஸூ’வில் ஒரு குடும்பம் மிருகக்காட்சிசாலைக்குப் போகிறது; பக்கம் புரளப் புரள, மனிதர்கள் விலங்குகள்போலவும் கூண்டுக்குள் இருப்பவை கண்ணியமானவையாகவும் தெரியத் தொடங்குகின்றன.

ஆய்வில் தெரிந்த இரண்டு செய்திகள் நம் வகுப்பறைகளுக்கு நேராகப் பொருந்துபவை. எழுத்தைச் சரளமாகப் படிக்கத் திணறிய குழந்தைகள் பலர், படங்களின் நகைமுரணையும் உருவகத்தையும் அந்த வயதுக்கு எதிர்பார்க்காத நுட்பத்தோடு பேசினார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியவர் சிந்தனையில் பின்தங்கியவரல்லர் என்பதை இது காட்டுகிறது. அடுத்தது, பேச்சில் சொல்ல வராததைச் சிறு குழந்தைகள் வரைந்து காட்டினார்கள். யாரைப் பெரிதாக வரைவது, யாரை ஓரத்தில் நிறுத்துவது, எந்த நிறம் இடுவது என்ற முடிவுகளில் அவர்களுடைய புரிதல் வெளிப்பட்டது.

இதை நம் ஊர் ஓவியப் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியில் ‘உனக்குப் பிடித்ததை வரை’ என்றாலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் எழும் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை மரம் வந்துவிடும். மலையே இல்லாத தஞ்சைச் சமவெளியிலும், அடுக்குமாடிகள் நிறைந்த சென்னையிலும் இதே மலைதான். அது குழந்தை கண்டதல்ல, இன்னொரு தாளிலிருந்து கைமாறி வந்தது. “இந்த மலை உங்க ஊர்ல எந்தப் பக்கம் இருக்கு?” என்று அன்பாகக் கேட்டால் போதும், ஒரு நல்ல விவாதம் தொடங்கிவிடும். ஓவியத்தைக் கைத்திறனாக மட்டும் மதிப்பிடும் பள்ளியில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

வடைக் கதையையே பாட்டி இருக்கும் இடத்திலிருந்து வரையச் சொல்லிப் பாருங்கள். காக்கையை எவ்வளவு பெரிதாக வரைவது? தட்டில் இன்னும் எத்தனை வடை மீதி? வடை வாங்க யாராவது வந்திருக்கிறார்களா? பாட்டியின் வீடு எங்கே? கதை சொல்லாத இத்தனையையும் குழந்தை தானே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. முடிவுசெய்யும்போதே மூலக்கதை எதையெல்லாம் விட்டுவிட்டது என்பதும் அதற்குத் தெரிந்துபோகிறது.

ஒரு பூங்கா, நான்கு குரல்கள்

ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு ஆட்கள் சொன்னால் அது ஒரே நிகழ்ச்சியாக இருக்குமா? ஆன்டனி பிரவுனின் ‘வாய்ஸஸ் இன் தி பார்க்’ (1998) இதை நான்கு குரல்களில் சோதிக்கிறது. வசதியான ஒரு தாய், அவளுடைய மகன் சார்ல்ஸ், வேலையில்லாத ஒரு தந்தை, அவருடைய மகள் ஸ்மட்ஜ். நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே பூங்காவில் இருக்கிறார்கள். உருவத்தில் எல்லோரும் குரங்கினம். ஆகவே நிறத்தையோ இனத்தையோ வைத்து ஆளை எடைபோட முடியாது. வர்க்கத்தை மட்டும் மறைக்க முடியவில்லை.

ஒவ்வொரு குரலுக்கும் தனி எழுத்துரு. தாய் பேசும்போது பூங்காவில் இலையுதிர்காலம், தந்தை பேசும்போது கடுங்குளிர், சார்ல்ஸுக்கு இளவேனில், ஸ்மட்ஜுக்குக் கோடை. ஒரே நாளில் நான்கு பருவம் எப்படி வரும் என்று குழந்தை கேட்டே தீரும். பருவம் வானத்திலிருந்து வரவில்லை, பேசுகிறவரின் மனத்திலிருந்து வருகிறது என்ற விடையை எட்ட அதிக நேரம் ஆகாது. சார்ல்ஸின் பக்கங்களில் மேகம், மரம், விளக்குக் கம்பம் எல்லாம் அம்மாவின் தொப்பி வடிவத்தில் இருக்கின்றன. அம்மா கண்டிப்பானவள் என்று எழுத்தில் ஓரிடத்திலும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. தந்தை பூங்காவுக்குப் போகும் வழியில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் மோனாலிசா படம் கண்ணீர் விடுகிறது. மகள் கலகலவென்று பேசி அவர் மனத்தைத் தேற்றிய பிறகு, திரும்பும் வழியில் அதே மோனாலிசா ஆடுகிறாள்.

தாய் சொன்னதை மட்டும் படித்திருந்தால் ஸ்மட்ஜ் ஒரு முரட்டுப் பிள்ளை. நான்காவது குரல் வந்ததும் முதல் குரலுக்குத் திரும்பிப் போய், அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று பார்க்கத் தோன்றுகிறது. செய்தித்தாளையும் வரலாற்றையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்று ஒன்பது வயதில் எந்த உபதேசத்தாலும் புரியவைக்க முடியாது.

லண்டனைக் கண்ட கோண்டுக் கண்

இத்தகைய நூல்கள் மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. சென்னையிலேயே 1994இல் தொடங்கிய தாரா புக்ஸும் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகமும் சிறார் படநூலை ஒரு தனிக் கலையாக எடுத்துக்கொண்டு உழைத்தவை. தாரா 2004இல் வெளியிட்ட ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ விமர்சன வாசிப்புக்கென்றே செய்ததுபோன்ற நூல். மத்தியப் பிரதேசத்தின் பாடன்கட் ஊரைச் சேர்ந்த கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம், ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் ஓவியம் தீட்டுவதற்காக 2002இல் லண்டன் போய் இரண்டு மாதம் தங்கியிருந்தார். திரும்பி வந்து, தான் கண்ட நகரத்தைக் கோண்டு உருவங்களில் வரைந்தார்.

அந்தப் படங்களில் பிக் பென் கடிகாரக் கோபுரம் சேவலோடு ஒன்றாகிறது; நேரம் சொல்லும் வேலை இரண்டுக்கும் பொது. பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழுவாகிறது. தவறாமல் கொண்டுபோய் விட்ட 30ஆம் எண் பேருந்து, விசுவாசமுள்ள நாயாகிறது. பகலெல்லாம் அடைந்து கிடந்து இரவில் மதுக்கடைகளில் உயிர்பெறும் ஆங்கிலேயர்கள் வௌவால்களாகிறார்கள். கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ இந்தியக் காட்டை ஆங்கிலக் கண்ணால் கண்டது. இது ஆங்கிலேயரின் தலைநகரைக் காட்டைச் சேர்ந்தவரின் கண்ணால் காண்கிறது. பழங்குடியினர் எப்போதும் படத்தில் இருப்பவர்களாகவும் நகரத்தவர் எப்போதும் படம் எடுப்பவர்களாகவும் இருக்கும் உலகத்தில் வளரும் குழந்தைக்கு, பார்க்கும் உரிமை யாருடையது என்ற கேள்வியை இந்நூல் சிரிப்போடு கொடுக்கிறது.

சிரிப்புக்கு இடமில்லாத இடத்திலும் படம் இதைச் செய்யும். அம்பேத்கர் அனுபவித்த தீண்டாமைக் கொடுமைகளைச் சொல்லும் ‘பீமாயணா’வை (நவயானா, 2011) கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தார்கள். சித்திரக்கதைக்குரிய கட்டங்களுக்குள் தங்கள் மனிதர்களை அடைக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் வரையும் திக்னா கோலங்களே பக்கத்தைப் பிரிக்கின்றன. பேச்சுக் குமிழிகளைப் பாருங்கள்: சாதி நஞ்சு கக்கும் பேச்சுக்குத் தேளின் கொடுக்கு, ஒடுக்கப்பட்டவரின், மென்மையாகப் பேசுகிறவரின் சொல்லுக்குப் பறவையின் வடிவம், மனத்துக்குள் ஓடும் எண்ணத்துக்கு ஒரு கண். பன்னிரண்டு வயதுச் சிறுவர் ஒருவர் குமிழியின் வடிவத்தை வைத்தே, பணிவாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்துக்குள் கொடுக்கு இருப்பதைக் கண்டுகொள்ள முடியும். கெட்ட வார்த்தையே இல்லாமலும் சொல் கொட்டும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

படத்தில் இல்லாதவர்கள்

இருப்பதைப் படிப்பதோடு இல்லாததைப் படிப்பதும் விமர்சன வாசிப்பில் அடக்கம். அமெரிக்காவில் நான்சி லாரிக் 1965 செப்டம்பரில் ‘சாட்டர்டே ரெவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை, சிறார் நூல் உலகை உலுக்கியது. 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 சிறார் நூல்களைக் கணக்கெடுத்ததில், எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றவை 349 மட்டுமே, 6.7 விழுக்காடு. அக்கட்டுரை ஒரு மழலையர் பள்ளியில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்ட கேள்வியோடு தொடங்கும். புத்தகத்தில் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளே இருப்பது ஏன் என்பது அவளுடைய கேள்வி. ஆய்வாளர் எண்ணிக் கண்டதைக் குழந்தை பார்த்தே கண்டிருந்தது. 1990இல் ருடீன் சிம்ஸ் பிஷப், குழந்தைக்குத் தன் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகவும் நூல்கள் இருக்க வேண்டும் என்று எழுதினார். அதன் பிறகு இவ்விரண்டும் சிறார் இலக்கிய விவாதத்தின் அன்றாடச் சொற்களாகிவிட்டன.

நம் சிறார் நூல் அலமாரியிலும் இந்தக் கணக்கைக் குழந்தைகளையே எடுக்கச் சொல்லலாம். படங்களில் அம்மா எத்தனை முறை அடுப்படியில் நிற்கிறார், அப்பா எத்தனை முறை நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார்? நல்ல பிள்ளையின் தோல் நிறம் என்ன, அரக்கனின் நிறம் என்ன? கட்டட வேலைக்குப் போகும் அம்மா, மீன் கூடை சுமக்கும் பாட்டி, சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வரும் தோழி, இஸ்லாமிய வீட்டின் நோன்புக் கஞ்சி இவையெல்லாம் பண்டிகைப் பாடத்துக்கும் நல்லிணக்கப் பாடத்துக்கும் வெளியே, சாதாரண நாளில் தலைகாட்டுகின்றனவா? மகாஸ்வேதா தேவி எழுதிய, தூலிகா வெளியிட்ட ‘தி ஒய்-ஒய் கேர்ள்’ நூலின் சபர் பழங்குடிச் சிறுமி மொய்னா, எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பவள். பண்ணையார் வீட்டு மிச்சச் சோற்றை நான் ஏன் சாப்பிட வேண்டும் என்பதும் அவளுடைய கேள்விகளில் ஒன்று. ஏழைக் குழந்தை இரக்கத்துக்குரியதாக மட்டும் வந்துபோகும் கதைகளுக்கு நடுவில் இத்தகைய நாயகிகள் அவசியம்.

கேள்வியை எப்படிக் கேட்பது?

நல்ல நூல் மட்டும் போதாது. மோசமான கேள்வி எந்த நூலையும் கொன்றுவிடும். “இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்ட மாத்திரத்தில் ஆசிரியரின் மனத்தில் இருக்கும் விடையைத் துழாவும் வேலையாக வாசிப்பு மாறிவிடுகிறது. பிரிட்டன் எழுத்தாளர் எய்டன் சேம்பர்ஸ் ‘டெல் மி’ (1993) நூலில் எளிய நான்கு வழிகளைத் தந்தார். பிடித்தது எது, பிடிக்காதது எது, புரியாமல் குழப்பியது எது, திரும்பத் திரும்ப வருவது எது. ‘ஏன்’ என்று முகத்துக்கு நேரே கேட்பதை அவர் தவிர்க்கச் சொல்கிறார். அது குறுக்கு விசாரணையாகிக் குழந்தையின் வாயை அடைத்துவிடும். “சொல்லு, கேட்போம்” என்ற தொனி போதும்.

ஓவியத்துக்கு இதே போன்ற முறையை உளவியலாளர் அபிகெயில் ஹவுஸனும், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் கல்வி இயக்குநராக இருந்த பிலிப் யெனவைனும் உருவாக்கினார்கள். அவர்களுடைய கேள்விகள் மூன்று. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. கருத்து யாருக்கும் இருக்கலாம், ஆதாரம் படத்திலிருந்து வர வேண்டும் என்ற ஒழுக்கத்தை அது பழக்குகிறது. மினசோட்டா மாநிலத்தின் பைரன் நகரப் பள்ளிகளில் 1990களில் ஹவுஸன் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வில், படம் பார்த்துப் பழகிய இந்த ஆதாரம் தேடும் குணம், குழந்தைகள் மற்றப் பொருள்களை ஆராயும்போதும் தொடர்ந்தது தெரியவந்தது.

இதற்கு மாமல்லபுரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் உண்டா? 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செதுக்கிய பெரும்பாறையின் முன் சுற்றுலா வரும் பிள்ளைகளிடம் வழிகாட்டி “இது அர்ச்சுனன் தபசு” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். பகீரதன் தவம் என்போரும் உண்டு. அறிஞர்களிடையே நூறாண்டுக்கு மேலாக நீளும் வழக்கு அது. ஒற்றைக் காலில் நிற்கும் தவசிக்குப் பக்கத்தில் வரம் தரும் சிவன் இருப்பது ஒரு தரப்புக்குச் சான்று. நடுவே பாறைப் பிளவில் நாகர்கள் நீந்துவதும், மேலே நீர் தேக்கி இதன் வழியே விட்டிருக்கலாம் என்பதும் கங்கை இறங்கிய கதைக்குச் சான்று. இரண்டையும் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே தேடி வாதிடலாம். கீழே ஒரு பூனை அதே தவசியைப் போலக் கை தூக்கி நிற்க, சுற்றி எலிகள் இருக்கின்றன. அந்தப் பூனையைப் பார்த்த குழந்தை, மேலே இருப்பவரின் தவத்தையும் இன்னொரு முறை ஏற இறங்கப் பார்க்கும். சிற்பி அதைத்தான் விரும்பினாரா என்பது நல்ல கேள்வி.

இம்முறைக்கும் எல்லை உண்டு. பகீரதன் யார் என்று தெரியாமல் பிளவின் பொருள் விளங்காது. தீண்டாமை என்னவென்று தெரியாமல் தேள்கொடுக்கின் பொருள் விளங்காது. எந்தத் தகவலும் தராமல் குழந்தை சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பதும் ஒரு வகைக் கைவிடல்தான். முதலில் பார்க்கவும் பேசவும் விட்டு, அவர்கள் தட்டுத்தடுமாறும் இடத்தில் தகவலைத் தருவதே முறை. பசி வந்த பிறகு பரிமாறினால் செரிக்கும்.

வேதாளம் கேட்ட இடம்

கதையைக் கேள்வியாக்கி விவாதிப்பதற்கு நம் மரபிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1947 முதல் தமிழில் வந்த ‘அம்புலிமாமா’வைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு, ஓவியர் சங்கர் வரைந்த படம் மறக்காது: தோளில் பிணத்தோடு, கையில் வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன். அந்தக் கதைகள் நீதியில் முடிவதில்லை, வழக்கில் முடிகின்றன. தலை மாறி ஒட்டப்பட்ட இருவரில் அந்தப் பெண்ணுக்கு யார் கணவன் என்று வேதாளம் கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். அரசன் வாயைத் திறந்து, உறுப்புகளில் சிறந்தது தலை, ஆகவே தலை யாருடையதோ அவனே கணவன் என்று தீர்ப்புச் சொல்வான்.

கேள்விக்கும் தீர்ப்புக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. புத்தகத்தை அங்கே மூடிவிட்டால், வகுப்பறையே விக்கிரமாதித்தன். தலையே சிறந்தது என்று சொன்னது யார்? கைக்கு அந்த உரிமை இல்லையா? அந்தப் பெண்ணை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? கடைசிக் கேள்வி வேதாளத்துக்கே தோன்றாதது. அதே ‘அம்புலிமாமா’வில் இரண்டு புகைப்படங்களைக் கொடுத்து, இரண்டையும் இணைக்கும் தலைப்பெழுதி அனுப்பச் சொல்லும் போட்டியும் வந்தது. ஒரு தலைப்பு படத்தின் பொருளை எப்படித் திருப்பிவிடும் என்பதை எத்தனையோ பிள்ளைகள் அஞ்சலட்டையில் எழுதிப் பழகினார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்துச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை யாரும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நூல் கிடைப்பதில் பழைய வறட்சி இல்லை. மிச்சமிருக்கும் தடை, கதை முடிந்ததும் எழுப்பப்படும் கேள்வியிலும் அதற்குக் கொடுக்கப்படும் மதிப்பெண்ணிலும் இருக்கிறது.

இப்படிக் கிளறினால் கதையின் இன்பம் போய்விடாதா, குழந்தை எதையும் நம்பாத குதர்க்கவாதியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அச்சம் நியாயமானதே. ஒவ்வொரு கதையையும் அறுத்துப் பார்க்கக் கூடாது. முதல் வாசிப்பு முழுக்க முழுக்க மகிழ்ச்சிக்கே உரியது. ஆனால் ரோஸியின் பின்னால் நரியைக் கண்டுபிடித்த குழந்தை, அந்த நூலை மூடி வைப்பதில்லை. இன்னொரு முறை படிக்கச் சொல்லி நச்சரிக்கிறது. கண்டுபிடிப்பதே அங்கே இன்பமாகிறது. ஆதாரத்தைக் காட்டு என்று கேட்டுப் பழகிய குழந்தை, குதர்க்கத்திலிருந்தும் காப்பாற்றப்படுகிறது. எதையும் நம்பாதவருக்கும் ஆதாரம் தேவைப்படும் என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது.

தமிழர்கள் படம் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். தெருமுனைக் கட்சிப் பதாகையில் யாருடைய முகம் ஆளுயரம், யாருடையது அஞ்சல்தலை அளவு, சென்ற மாதம் வலப்பக்கம் சிரித்த முகம் இந்த மாதம் ஏன் இல்லை என்று டீக்கடையில் நின்றபடியே அரசியலைக் கணித்துவிடும் சமூகம் இது. பள்ளிப் பிள்ளைகளும் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். அந்தத் திறமை வகுப்பறை வாசலோடு நின்றுவிடாமல் இருக்க ஆசிரியர் செய்ய வேண்டியது பெரிதல்ல. பாடத்தின் கடைசியில் ‘நீதி’ என்று அச்சிட்டிருக்கும் வரியை ஒரு தாளால் மறைத்துவிட்டு, “இதுல உங்களுக்கு எது சரியாப் படல?” என்று கேட்க வேண்டும். வரும் பதில் பாடநூலோடு முரண்பட்டாலும், படத்திலிருந்தோ வரியிலிருந்தோ ஆதாரம் காட்டினால் முழு மதிப்பெண் போட வேண்டும். மறைத்த வரியைப் பிறகு திறந்து காட்டலாம். அப்போது அதுவும் பலருடைய கருத்துகளில் ஒன்றாக வகுப்பின் விசாரணைக்கு வரும்.